அசம்ப்ஷன் கேள்வி தப்பாகிக்கொண்டே இருக்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

போட்டித் தேர்வுகளில் ஒரு சின்னப் பத்தியில் உள்ள வாதத்தை ஆராயச் சொல்லும் கிரிட்டிக்கல் ரீசனிங் கேள்விகளில், குறிப்பாக அந்த வாதம் சொல்லாமல் நம்புவது எது என்று கேட்கும் அசம்ப்ஷன் கேள்விகளில், மார்க் போகிறது என்று யாராவது வந்து நின்றால் நான் ஒன்றுதான் கேட்பேன்: தப்பான விடையை டிக் அடித்தபோது மனதில் என்ன ஓடியது? "ரெண்டுமே சரியாத்தான் சார் இருந்துச்சு", "பத்தியிலேயே போட்டிருந்துச்சே", "அது உண்மைதானே சார்". கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் சொல்லும் பதில்கள் சுற்றிச் சுற்றி இந்த மாதிரி சிலவற்றுக்குள்தான் அடங்கும். ஒவ்வொரு பதிலும் ஒரு தனிக் கோளாறைக் காட்டுகிறது, சரிசெய்யும் வழியும் ஒவ்வொன்றுக்கும் வேறு. எல்லோருக்கும் பொதுவாக "நிறைய பிராக்டீஸ் பண்ணு" என்று சொல்லி அனுப்புவதில் பயனில்லை, ஏனென்றால் தப்பான பழக்கத்தோடு நூறு கேள்வி போட்டால் அந்தப் பழக்கம்தான் கெட்டிப்படும்.

அதனால் இதை வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. சமீபத்தில் எழுதிய மாக் டெஸ்ட் பேப்பரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தப்பான கேள்விகளைப் பாருங்கள், கீழே எந்த அறிகுறி உங்களுடையதோ அங்கே நேராகப் போங்கள். அடுத்து வரும் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம். உதாரண வாதங்கள் எல்லாம் பயிற்சிக்காக நான் கட்டியவை, ஊர்ப் பெயர்கள் மட்டும் நம்முடையவை.

எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது

ஒரு வாதத்தில் கண்ணுக்குத் தெரிவது இரண்டு. ஒன்று ஆதாரம், இன்னொன்று அதிலிருந்து எடுக்கிற முடிவு. இரண்டுக்கும் நடுவில், எழுதியவர் வாய் திறந்து சொல்லாமல் மனதுக்குள் நம்பிக்கொண்டு தாண்டிப்போகிற ஒன்று இருக்கிறது, அதுதான் அசம்ப்ஷன். அது பத்தியில் எழுதியிருக்காது. அது இல்லாமல் முடிவு நிற்காது. இந்த இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

பழைய வீட்டில் ஒரு சுவரை எடுக்கலாமா என்று கொத்தனாரைக் கேட்டால், அந்தச் சுவர் நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று அவர் பார்க்கமாட்டார், மேல்தளம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஆப்ஷனைப் பார்க்கும் பார்வையும் அதுதான்: இது நல்ல வாக்கியமா என்பது கேள்வி இல்லை, இதை எடுத்துவிட்டால் மேலே இருக்கிற முடிவு இறங்குமா?

இந்த வாதத்தைப் பாருங்கள். "பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை விடுவதில்லை, அங்கே நடப்பவர்கள் கூட்டம் நிறைய. ஆகவே நேரு வீதியிலும் மாலையில் வண்டிகளை நிறுத்தினால் நடந்து வருபவர்கள் பெருகுவார்கள், அங்குள்ள கடைகளில் வியாபாரம் கூடும்."

அ) நேரு வீதியில் நெரிசல் கடற்கரைச் சாலையை விட அதிகம்.
ஆ) வண்டியில் வருபவர்கள் வராமல் போவதால் குறையும் வியாபாரம், நடந்து வருபவர்களால் கூடும் வியாபாரத்தை விட அதிகமாக இருக்காது.
இ) நடந்து வருகிற ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பொருளாவது வாங்குவார்கள்.
ஈ) வண்டிகளைக் கட்டுப்படுத்துவது நகரத்தின் அழகுக்கு நல்லது.

விடை ஆ. அதை எடுத்துவிட்டால், அதாவது இழப்பு வரவை விட அதிகம் என்று வைத்துக்கொண்டால், மொத்த வியாபாரம் கூடும் என்ற முடிவு அங்கேயே விழுந்துவிடும். இ ஆசை காட்டும். ஆனால் பத்துப் பேரில் மூன்று பேர் வாங்கினாலே வியாபாரம் கூடலாம், ஒவ்வொருவரும் வாங்க வேண்டும் என்று இந்த வாதம் கேட்கவே இல்லை. இந்த நாலு ஆப்ஷனையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

அறிகுறி: "பத்தியில் இருக்கிறதையே விடையாகப் போட்டுவிடுகிறேன்"

பத்தியில் வந்த அதே சொற்கள் ஆப்ஷனிலும் இருந்தால் கை அங்கே போகிறது. பரீட்சைப் பதற்றத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்த நிம்மதி அது. சரிசெய்வது சுலபம்: போடப்போகும் ஆப்ஷனைப் பத்தியில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். காட்ட முடிந்தால் அது ஆதாரம், எழுதியவர் சொல்லியே விட்டார். சொன்னது அசம்ப்ஷன் ஆகாது.

இதன் தம்பி ஒருவன் உண்டு, கொஞ்சம் தந்திரக்காரன்: இன்ஃபெரன்ஸ். "கடற்கரைச் சாலையில் மாலையில் சிலராவது நடக்கிறார்கள்" என்று ஒரு ஆப்ஷன் கொடுத்தால் அது பத்தியில் அப்படியே இல்லை, ஆனால் பத்தி உண்மையென்றால் அதுவும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அது பத்தியிலிருந்து கிடைப்பது. அசம்ப்ஷன் பத்திக்குத் தேவைப்படுவது. திசையே எதிர். ஆப்ஷன் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டுப் பழகுங்கள், பத்தியிலிருந்து ஆப்ஷனுக்கா, ஆப்ஷனிலிருந்து முடிவுக்கா என்று. கொஞ்ச நாளில் அம்பு தேவைப்படாது.

அறிகுறி: "முடிவு எது என்றே குழம்புகிறது"

"ஆகவே", "எனவே" வந்த வாக்கியம்தான் முடிவு என்று நம்பாதீர்கள். முடிவை முதல் வரியிலேயே போட்டுவிட்டு ஆதாரத்தைப் பின்னால் அடுக்குகிற பத்திகள் நிறைய உண்டு, நடுவில் ஒரு இடைமுடிவை வைத்து ஏமாற்றுவதும் உண்டு. சந்தேகமான வாக்கியத்தைப் பார்த்து "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். பத்தியின் மற்ற வரிகள் அதற்குப் பதில் சொன்னால் அதுதான் முடிவு. இரண்டு வாக்கியத்துக்கும் பதில் கிடைத்தால், எது எதற்குக் காரணமாக நிற்கிறது என்று பாருங்கள், கடைசியாக எல்லாம் போய்ச் சேருகிற இடம்தான் முடிவு. நேரு வீதி வாதத்தில் "நடந்து வருபவர்கள் பெருகுவார்கள்" இடைமுடிவு, "வியாபாரம் கூடும்" முடிவு. இடைமுடிவோடு நின்றுவிட்டவர்கள் ஆ-வை அநாவசியம் என்று தள்ளிவிடுவார்கள்.

அறிகுறி: "உண்மையான வாக்கியத்தைப் பார்த்தால் கை தானாகப் போகிறது"

விஷயம் தெரிந்தவர்களுக்கு வருகிற கோளாறு இது, அதனாலேயே எனக்கு இதன்மேல் அக்கறை அதிகம். நன்றாகப் படிக்கிற, பேப்பர் வாசிக்கிற, ஊர் நடப்பு தெரிந்த பிள்ளைகள்தான் இதில் மாட்டுகிறார்கள். துறைமுகம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இந்த வாதத்தைக் கொடுப்பேன்:

"கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் கடலூரில் வஞ்சிரம் விலை ஏறுகிறது. ஆகவே இந்த விலையேற்றத்துக்குக் காரணம் வரத்துக் குறைவுதான்."

அ) தடை நாட்டுப் படகுகளுக்குப் பொருந்தாது.
ஆ) மீன்கள் இனப்பெருக்கம் செய்யத்தான் இந்தத் தடை.
இ) அந்த நாட்களில் வஞ்சிரம் கேட்டு வருபவர்கள் பெருகி, அதனால் மட்டுமே விலை ஏறிவிடவில்லை.
ஈ) தடை முடிந்ததும் விலை பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

அ உண்மை. ஆ உண்மை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டையும் எடுத்துவிட்டாலும் இந்த வாதத்துக்கு ஒன்றும் ஆகாது. தடை எதற்காகப் போட்டார்கள் என்பதற்கும் விலை ஏன் ஏறியது என்பதற்கும் இங்கே தொடர்பில்லை, நாட்டுப் படகுகள் போய்க்கொண்டிருக்கின்றன என்பது சொல்லப்போனால் வரத்து முழுக்க நின்றுவிடவில்லை என்றுதான் காட்டுகிறது. ஈ இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது வாதத்துக்குப் பலம் சேர்க்கிறது. தடை முடிந்து விலை இறங்கினால் "பார், வரத்துதான் காரணம்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இறங்காமல் போனாலும் வாதம் சாகாது, டீசல் விலை ஏறியிருக்கலாம், வேறு ஏதாவது நடந்திருக்கலாம். பலம் சேர்ப்பது வேறு, அது இல்லாமல் முடியாது என்பது வேறு. விடை இ.

சரிசெய்யும் வழி: ஆப்ஷனைப் படித்ததும் மனம் "உண்மைதான்" என்று சொன்னால் அங்கே நிறுத்துங்கள். அடுத்து "அதனால் என்ன?" என்று கேளுங்கள். முடிவோடு ஒட்டுகிற பதில் வரவில்லையென்றால் அடித்துவிடலாம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. "இது எங்கே சார் உண்மை?" என்று சரியான விடையைத் தள்ளுபவர்கள். அசம்ப்ஷன் உண்மையாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஓட்டை வாதங்களில் ஓட்டை இருப்பதே அங்கேதான்: எழுதியவர் நம்பியது நம்பத்தகாததாக இருக்கும். நீங்கள் நம்புகிறீர்களா என்பது கேள்வியே இல்லை, அவர் நம்பினால்தான் அந்த முடிவுக்கு வர முடியுமா என்பதுதான்.

அறிகுறி: "ஆப்ஷனைப் பார்க்கும்வரை எதுவும் தோன்றுவதில்லை"

பத்தியைப் படித்ததும் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றும், இடைவெளியே கண்ணில் படாது. நாம் தினமும் இப்படித்தான் பேசுகிறோம், எதிரில் இருப்பவர் சொல்லாமல் விட்டதை நாமே நிரப்பிக்கொள்கிறோம், அது உரையாடலுக்கு நல்ல குணம். பரீட்சையில் அந்த நிரப்பலை நிறுத்திவைக்க வேண்டும்.

இதற்கு ஒரு பழைய கருவி நம்மிடமே இருக்கிறது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் தருக்கம் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு வாதத்தை ஐந்து உறுப்பாகப் பிரிப்பார்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அந்த மூன்றாவது உறுப்பை யோசித்துப் பாருங்கள், அடுக்களையைக் கொண்டுவந்து அங்கே நிறுத்துவதே, புகை இருக்கிற இடத்தில் நெருப்பு இருக்கும் என்ற இணைப்பை வெளியே கொண்டுவந்து காட்டத்தான். இன்றைய பரீட்சை அந்த இணைப்பைத்தான் உருவிவிட்டு உங்கள் கையில் கொடுக்கிறது.

ஆகவே ரஃப் பேப்பரில் முதல் மூன்றை மட்டும் எழுதிப் பாருங்கள். பக்கத்தில் முடிவு. ஏதுவில் ஆதாரம். மூன்றாவது வரியில் "இப்படி இருந்தால் அப்படி இருக்கும்" என்று நீங்களே ஒன்றை எழுதுங்கள். மீன் வாதத்தில் அது "வரத்துக் குறைந்த காலத்தில் விலை ஏறினால், வரத்துக் குறைந்ததுதான் காரணம்" என்று வரும். எழுதிய கணமே அதில் உள்ள தாவல் தெரிந்துவிடும், ஒரே காலத்தில் நடந்தது என்பதிலிருந்து அதனால் நடந்தது என்பதற்குத் தாவியிருக்கிறார். ஆப்ஷனில் எதைத் தேட வேண்டும் என்பது இப்போது கையில் இருக்கிறது.

இடைவெளியை இன்னும் வேகமாகப் பிடிக்க, முடிவில் புதிதாக நுழைந்த சொல்லைத் தேடுங்கள். ஆதாரம் முழுக்க நடப்பவர்கள் பற்றியது, முடிவில் திடீரென்று வியாபாரம் வருகிறதென்றால் நடப்பதையும் வாங்குவதையும் இணைக்கிற ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. ஆதாரத்தில் எண்ணிக்கை, முடிவில் சதவீதம். ஆதாரத்தில் விண்ணப்பம் போட்டவர்கள், முடிவில் தகுதி உள்ளவர்கள். ஆதாரத்தில் சென்ற ஆண்டு, முடிவில் வரும் ஆண்டு. இந்தத் தாவல்களைத்தான் கேள்வி தயாரிப்பவர்கள் மறுபடி மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

அறிகுறி: "காரணம்–விளைவு பத்தி என்றால் எப்போதும் தப்பு"

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில் கரையேறியது, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அதை வைத்து ஒரு கற்பனை வாதம்: "புயலில் நாட்டு முந்திரி மரங்கள் பெருமளவு விழுந்தன, ஒட்டுரக மரங்கள் குறைவாகவே விழுந்தன. ஆகவே ஒட்டுரகத்துக்குப் புயலைத் தாங்கும் தன்மை அதிகம்."

இங்கே முடிவு ரகத்தைப் பற்றியது. விழாமல் நின்றதற்கு வேறு காரணம் இருந்தால் முடிவு ஆட்டம் காணும். ஒட்டுரக மரங்கள் இளசாக, குட்டையாக இருந்திருக்கலாம். அவை இருந்த தோப்புகளில் காற்று குறைவாக அடித்திருக்கலாம். மண் வேறாக இருந்திருக்கலாம். சரியான விடை பெரும்பாலும் இவற்றில் ஒன்றை இல்லை என்று சொல்கிற வாக்கியமாக வரும்: "ஒட்டுரகத் தோப்புகளில் வீசிய காற்று மற்றத் தோப்புகளில் வீசியதை விடக் கணிசமாகக் குறைந்ததாக இல்லை." இப்படி எதிர்மறையாக, சுற்றிவளைத்து, காற்று என்று பத்தியில் இல்லாத புதுச் சொல்லோடு வருவதால்தான் "இது பத்திக்குச் சம்பந்தமில்லை" என்று தள்ளிவிடுகிறார்கள். பத்தியில் இல்லாத சொல் வந்தாலே அடிக்கச் சொல்லி யாராவது கற்றுக்கொடுத்திருந்தால் அந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். வாதத்தைக் காப்பாற்றுகிற அசம்ப்ஷன் வெளியிலிருந்து வருகிற ஆபத்தைத் தடுக்கிறது, அந்த ஆபத்தின் பெயர் பத்தியில் எப்படி இருக்கும்?

காரணம்–விளைவு பத்தி வந்தால் நான் மூன்று கேள்வி கேட்கச் சொல்வேன். வேறு காரணம் இருக்குமா? திசை தலைகீழாக இருக்குமா, அதாவது விளைவு என்று சொன்னதுதான் காரணமோ? இல்லை, இரண்டும் தற்செயலாக ஒன்றாக நடந்ததா? பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும்.

அறிகுறி: "கடைசி இரண்டில் மாட்டிக்கொண்டு தப்பானதைப் போடுகிறேன்"

இதற்குத்தான் நெகேஷன் டெஸ்ட், மறுத்துப் பார்ப்பது. மிச்சமிருக்கும் இரண்டு ஆப்ஷனையும் ஒவ்வொன்றாக "அப்படி இல்லை" என்று ஆக்கி, பத்திக்குப் பக்கத்தில் வைத்து முடிவைப் படியுங்கள். எதை மறுத்தால் முடிவுக்குப் பிடிமானம் போகிறதோ அது விடை. நாலு ஆப்ஷனுக்கும் இதைச் செய்யாதீர்கள், நேரம் போய்விடும், கடைசி இரண்டுக்கு மட்டும்.

இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தப்பாகிறது. ஏன் என்பதற்குத்தான் அடுத்த பகுதி.

அறிகுறி: "மறுத்துப் பார்த்தும் தப்பாகிறது"

மறுப்பதையே தப்பாகச் செய்கிறீர்கள். நான் பார்த்தவரை இங்கேதான் அதிக மார்க் போகிறது.

"நடந்து வருகிற ஒவ்வொருவரும் வாங்குவார்கள்" என்ற நேரு வீதி வாதத்தின் இ-யை மறுக்கச் சொன்னால் "ஒருவரும் வாங்கமாட்டார்கள்" என்கிறார்கள். அப்படி மறுத்தால் முடிவு உடைந்துவிடும், இ சரி என்று போட்டுவிடுவீர்கள். சரியான மறுப்பு "வாங்காதவர் ஒருவராவது இருப்பார்", அவ்வளவுதான். ஒருவர் வாங்காமல் போனால் வியாபாரத்துக்கு என்ன? ஒன்றுமில்லை. ஆகவே இ தேவையில்லை. மறுப்பு என்பது எதிர் எல்லைக்கு ஓடுவது இல்லை, முதல் வாக்கியம் பொய்யாவதற்குப் போதுமான அளவு மட்டும் நகர்வது.

இதே கணக்கில் மற்றவையும். "சிலர்" என்பதன் மறுப்பு "ஒருவரும் இல்லை". "பெரும்பாலோர்" என்பதன் மறுப்பு "பாதிப் பேரோ அதற்குக் குறைவோ". "மட்டுமே" என்றால் "வேறொன்றும் உண்டு". "முடியும்" என்றால் "முடியவே முடியாது", இது மட்டும் கடுமையாக வரும், ஏனென்றால் மூல வாக்கியம் மென்மையானது. "மழை பெய்தால் ஆட்டம் ரத்து" என்பதை மறுக்க "மழை பெய்யாவிட்டால் ரத்து இல்லை" என்று எழுதுபவர்கள் ஏராளம், அது வேறு ஒரு வாக்கியம், மறுப்பு இல்லை. "மழை பெய்தும் ஆட்டம் நடக்கலாம்" என்பதுதான் மறுப்பு. இதை ஒரு நாள் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிட்டால் அப்புறம் எந்தப் பரீட்சையிலும் கைகொடுக்கும்.

"இல்லை" என்று ஏற்கெனவே எதிர்மறையில் இருக்கும் ஆப்ஷனை மறுப்பது சுலபம், அந்த "இல்லை"யை எடுத்துவிடுங்கள். "காற்று கணிசமாகக் குறைந்ததாக இல்லை" என்பது "காற்று கணிசமாகக் குறைந்திருந்தது" ஆகிவிடும். உடனே தெரிகிறது, முந்திரி வாதத்தில் ஒட்டுரகத்தின் பெருமை போய்விட்டது.

இன்னொரு சிக்கல், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மறுத்த பிறகு முடிவு பொய்யாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். காற்று குறைவாக வீசியது என்பதால் ஒட்டுரகத்துக்குத் தாங்கும் தன்மை இல்லை என்று ஆகிவிடாது, இருக்கவும் செய்யலாம். போனது என்னவென்றால், இந்த ஆதாரத்திலிருந்து அந்த முடிவுக்குப் போகிற வழி. அது அடைபட்டால் போதும். முடிவு பொய் என்று நிரூபணம் ஆகவில்லையே என்று சரியான விடையைக் கைவிடுபவர்களை நிறைய பார்க்கிறேன், பாடுபட்டு அதுவரை வந்துவிட்டு அங்கே இழப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அறிகுறி: "'எல்லா', 'எந்த', 'மட்டுமே' இருந்தால் அடித்துவிடுகிறேன்"

கடுமையான சொல் இருந்தால் தப்பு என்ற குறுக்குவழி பாதி நேரம்தான் வேலை செய்யும். வாதத்தின் முடிவே கடுமையாக இருந்தால் அசம்ப்ஷனும் கடுமையாகத்தான் இருந்தாக வேண்டும்.

"கடலூரில் பாலம் வேலை நடப்பதால் போக்குவரத்து தாமதமாகிறது. ஆகவே இன்று சிதம்பரத்திலிருந்து கடலூர் வழியாகப் பாண்டிக்குப் போகும் எந்தப் பஸ்ஸும் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேராது." இதற்கு அசம்ப்ஷன்: "இந்தத் தாமதத்தை வழியில் வேறு எங்கும் எந்தப் பஸ்ஸும் ஈடுகட்டிவிடாது." கடுமையான வாக்கியம்தான். மறுத்துப் பாருங்கள், ஒரே ஒரு பஸ் ஈடுகட்டி நேரத்துக்குப் போய்விட்டால்கூட "எந்தப் பஸ்ஸும்" என்ற முடிவு காலி. ஆகவே சொல்லின் கடுமையைத் தனியாகப் பார்க்காதீர்கள், முடிவின் கடுமையோடு ஒப்பிடுங்கள்.

சில பரீட்சைகளில், குறிப்பாகச் சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்கான எல்சாட் மாதிரித் தாள்களில், "எதை எடுத்துக்கொண்டால் முடிவு தவறாமல் கிடைக்கும்" என்று கேட்பார்கள். அங்கே தேவையானது எது என்று கேட்கவில்லை, போதுமானது எது என்று கேட்கிறார்கள். கடுமையான ஆப்ஷனே அங்கே பெரும்பாலும் சரியாக வரும், நெகேஷன் டெஸ்ட் அங்கே வேலை செய்யாது. கேள்வி வரியை முழுக்கப் படிக்காமல் பத்திக்குள் குதிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமலே போய்விடும்.

அறிகுறி: "பேங்க் எக்ஸாமில் சரியாக வருகிறது, சி-சாட்டில் தப்பாகிறது"

இரண்டும் ஒரே பெயரில் இரண்டு விளையாட்டு. பேங்க் தேர்வின் கூற்று–அசம்ப்ஷன் கேள்வியில் பெரும்பாலும் ஒரு அறிவிப்போ விளம்பரமோ யோசனையோ வரும். "மழை நாட்களில் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்" என்று ஒரு ஊராட்சி அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்களில் சிலராவது இதைக் கேட்டு நடப்பார்கள் என்பது அங்கே அசம்ப்ஷனாக ஏற்கப்படும், கேட்கமாட்டார்கள் என்றால் எதற்கு அறிவிக்க வேண்டும்? ஊரில் உள்ள எல்லாக் குழாய்த் தண்ணீரும் கெட்டுவிட்டது என்பது ஏற்கப்படாது. சொல்பவரின் நோக்கத்தை வைத்து ஊகிக்கிற வழக்கம் அது.

யூபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான சி-சாட்டில் பத்தி கொள்கை சார்ந்ததாக இருக்கும், விவசாயம், பருவநிலை, ஆட்சிமுறை என்று. கீழே இரண்டு அசம்ப்ஷனைக் கொடுத்து 1 மட்டும், 2 மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை என்று கேட்பார்கள். அந்தப் பத்தி ஒரு வாதமாகக்கூட இல்லாமல் வெறும் கருத்தாக இருக்கலாம். அப்போதும் கேள்வி அதேதான்: இந்தப் பத்தியை எழுதியவர் இதை நம்பாமல் இப்படி எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் அடித்துவிடுங்கள். நல்ல நோக்கமுள்ள, பாடப்புத்தகம் மாதிரி ஒலிக்கிற வாக்கியங்கள் இங்கே ரொம்ப ஏமாற்றும். 80 கேள்வி, 200 மார்க், தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.83 கழியும், 33 சதவீதம் எடுத்தால் போதும் என்கிற தகுதித் தாள் இது. ஆகவே இரண்டு அசம்ப்ஷனில் ஒன்றைப் பற்றிக்கூட உறுதி இல்லையென்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடச் சொல்வேன். ஒன்று உறுதியாகத் தெரிந்தால் நாலு ஆப்ஷன் இரண்டாகக் குறைந்துவிடுகிறது, அப்போது எழுதலாம்.

அறிகுறி: "ஆங்கிலப் பத்தி, படிக்கும்போதே கை நழுவுகிறது"

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன், வரிக்கு வரி மனதுக்குள் தமிழாக்காதீர்கள். அப்படிச் செய்தால் "ஒன்லி", "மோஸ்ட்", "அன்லெஸ்" மாதிரிச் சின்னச் சொற்கள்தான் முதலில் உதிரும், விடை இருப்பதே அவற்றில்தான். முழுப் பத்தியையும் ஆங்கிலத்திலேயே ஒருமுறை படித்துவிட்டு, "இது இருக்கு, அதனால அது நடக்கும்ங்கறார்" என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதைப் போல ஒரே வரியில் தமிழில் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த வரி வாயில் வரவில்லையென்றால் ஆப்ஷனுக்குப் போகாதீர்கள், பத்திக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: "அசம்ப்ஷன் சரி, வீக்கன், ஸ்ட்ரெங்தன் தப்பு"

அசம்ப்ஷனும் தற்செயலாகத்தான் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்ட்ரெங்தன் கேள்வி அந்தச் சொல்லாத நம்பிக்கைக்கு ஆதரவு கேட்கிறது, வீக்கன் கேள்வி அதை அடிக்கச் சொல்கிறது, எவால்யுவேட் கேள்வி அது சரியா என்று தெரிந்துகொள்ள என்ன கேட்க வேண்டும் என்கிறது. மீன் வாதத்தையே எடுத்து, இ-யை வைத்து மூன்று கேள்வியும் நீங்களே தயார் செய்து பாருங்கள். "அந்த வாரங்களில் ஊரில் கல்யாண முகூர்த்தங்கள் அதிகம், விருந்துகளுக்கு வஞ்சிரம் கேட்பவர்கள் பல மடங்கு" என்பது வீக்கன். அதே நாட்களில் கேட்பவர் எண்ணிக்கை மற்ற மாதங்களைப் போலவே இருந்தது என்பது ஸ்ட்ரெங்தன். ஒரு அசம்ப்ஷனைச் சரியாகப் பிடித்தால் மூன்று வகைக் கேள்விக்கும் வழி திறந்துவிடும்.

அறிகுறி: "எல்லாம் தெரிகிறது, நேரம்தான் போதவில்லை"

எம்பிஏ சேர்க்கைக்கு எழுதுகிற ஜிமேட்டின் 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில், வெர்பல் என்கிற மொழிப் பகுதிக்கு 45 நிமிடம், 23 கேள்வி, அதாவது ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. வாக்கியத் திருத்தக் கேள்விகளை எடுத்துவிட்டதால் அங்கே இருப்பது வாசிப்புப் பத்திகளும் கிரிட்டிக்கல் ரீசனிங்கும் மட்டும்தான், இதில் ஓடி ஒளிய இடமில்லை.

நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் ஆப்ஷன்களில்தான் போகிறது, பத்தியில் இல்லை. பத்தியை இருபது விநாடியில் மேய்ந்துவிட்டு ஆப்ஷன்களுக்கும் பத்திக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். தலைகீழாக மாற்றுங்கள். பத்திக்கும் இடைவெளியைக் கண்டுபிடிக்கவும் பாதி நேரத்தைக் கொடுங்கள், ஆப்ஷன்களை ஒரே ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள், கடைசி இரண்டை மறுத்துப் பாருங்கள், டிக் அடித்துவிட்டு நகருங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் இப்படிச் செய்தால் வேகம் குறையும், பயப்படாதீர்கள். அந்த வாரங்களில் கடிகாரத்தை மூடிவைத்துவிட்டு, தப்பான ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் இந்த அறிகுறிகளில் எது என்று ஒரு வரி மட்டும் எழுதி வாருங்கள். ஒரே அறிகுறி அடுத்தடுத்து வந்தால் அன்றைக்குப் புதுக் கேள்வி போடாதீர்கள். அந்தக் கோளாறு உள்ள பழைய கேள்விகளையே எடுத்து, விடையை மறைத்து, திரும்பப் போடுங்கள்.